சந்தனம் துடைத்த கெசக்கோல்

இதை எழுத வேண்டும் என்று நினைத்ததும், வேண்டாம் என்று விட்டதுமாகவே வருஷங்கள் போய்விட்டன. பேனாவைத் திறப்பேன், மூடி வைப்பேன். நான் சொல்லப் போவதில் சாமி காரியமும் இருக்கிறது, பெற்ற தாயின் காரியமும் இருக்கிறது. இரண்டையும் ஊரறிய எழுதுவது பாவமோ என்று ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. நான் வாய் திறந்த போதெல்லாம் என் அண்ணனின் மனைவிக்குத்தான் அது கேடாக முடிந்தது. அதனால் மதினி உயிரோடு இருக்கும் வரை பேசுவதில்லை என்று இருந்தேன். இப்போது அவர் இல்லை. இனி என் பேச்சால் அவருக்குக் கெடுதல் வர வழியில்லை. அந்த ஒரு தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

நாங்கள் சுருளிப்பட்டிக்காரர்கள். மலையடிவாரத்தில் கம்பத்து ராவுத்தர் ஒருவருக்கு வாழைத்தோட்டம் இருந்தது. பன்றியும் யானையும் இறங்குகிற இடம். அதற்காக அவர் சர்க்காரிடம் லைசென்ஸ் வாங்கி ஒரு ரைஃபிள் வைத்திருந்தார். அதை வைத்துக் காவல் காப்பது என் அண்ணனின் வேலை. யானையைச் சுடுவதற்கு இல்லை. வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைத்தால் போதும், திரும்பிவிடும். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். கொஞ்சம் வயல் உண்டு. வயலில் வேலை இல்லாதபோது அண்ணனுக்குக் கூடமாட இருப்பேன்.

துப்பாக்கிக் குழாயைத் துடைக்கிற கோலைக் கெசக்கோல் என்போம். அதன் நுனியில் ஊசிக்காது மாதிரி ஒரு பிளவு இருக்கும். துணியை அதில் கோத்துக் குழாய்க்குள் தள்ளி எடுக்க வேண்டும். ரைஃபிளோடு வந்தது மூன்று துண்டாகத் திருகி மாட்டுகிற பித்தளைக் கோல். அதன் மரை தேய்ந்து, மாட்டின இடங்கள் ஆட்டம் கொடுத்தன. அதோடு, பித்தளை மெத்தென்ற உலோகம். மணல் துகள் அதில் பதிந்துகொள்ளும். பதிந்த பிறகு அது கோல் இல்லை, அரம். குழாயின் உள்ளே முறுக்கு முறுக்காக ஓடுகிற வரிகளை அராவித் தின்றுவிடும் என்று அண்ணன் சொல்வார். அந்தப் பித்தளைக் கோலை ராவுத்தர் வீட்டிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, தானே ஒன்று செய்யப் புறப்பட்டார்.

அதற்கு மரம் தேடினதுதான் பெரிய கதை. மூங்கிலைப் பார்த்தார், கணு இடிக்கும், தோல் கண்ணாடி மாதிரி கீறும் என்று விட்டார். பிரம்பு வளைந்தது. வளைகிற கோல் குழாயின் வாய் விளிம்பில் ஒரு பக்கமாக உரசும், அந்த விளிம்பு தேய்ந்தால் குண்டு கோணிப் போகும். கடைசியில் மலையாளத்தார் சடச்சி என்று சொல்கிற மரத்துக்கு வந்து சேர்ந்தார். மண்வெட்டிக் காம்புக்குப் போகிற மரம். வளைத்தால் வளைந்து கொடுத்து, விட்டால் நேராக நிற்கும். அதை ரம்பத்தால் அறுக்கவிடவில்லை. அறுத்தால் ரேகை நடுவில் வெட்டுப்படும், அங்கேதான் ஒரு நாள் ஒடியும் என்றார். ஆப்பு வைத்துப் பிளந்து, ரேகை தலை முதல் கால் வரை அறுபடாமல் ஓடுகிற சிம்பு ஒன்றை எடுத்து, உடைந்த கண்ணாடிச் சில்லால் நாள் முழுக்கச் சீவினார். இலுப்பை எண்ணெய் ஊட்டி நிழலில் காய வைத்தார்.

ராவுத்தர் தோட்டத்துக்கு வந்தபோது அண்ணன் கோலை ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, எங்க வீட்டு மாப்பிள்ளைக்குக்கூட இம்புட்டு உபசாரம் நடக்கலையே" என்றார் ராவுத்தர்.

"மாப்பிள்ளை கோவிச்சுக்கிட்டா சமாதானம் பண்ணிக்கிரலாம் ராவுத்தரய்யா. இது கோவிச்சுக்கிட்டா எனக்குத்தான் காரியம்" என்றார் அண்ணன். ராவுத்தர் சிரித்துவிட்டார். அண்ணன் அப்படித்தான் பேசுவார்.

அந்தக் கோலுக்கு வீட்டில் சட்டங்கள் உண்டு. குழாய்க்குள் விடுமுன் துடைக்க வேண்டும், எடுத்த பிறகும் துடைக்க வேண்டும். சுவரில் சாய்த்து வைக்கக் கூடாது, கோணிவிடும். கயிற்றில் கட்டித் தொங்கவிட வேண்டும். மழைக்காலத்தில் அடுப்படிக்குப் பக்கத்தில் தொங்க வேண்டும், ஆனால் அனல் படக் கூடாது. கோலை நெட்டுக்குத்தலாக வாய்ப்பக்கமிருந்து குத்தாமல், பின்பக்கத்து போல்ட்டைக் கழற்றிவிட்டு அங்கிருந்து உள்ளே விட வேண்டும். அழுக்குக் கோலை உள்ளே விடுவதைவிடக் குழாயைத் துடைக்காமலே இருக்கலாம் என்பது அவர் வாயில் அடிக்கடி வரும். மதினி அடுப்படியில் இருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருப்பார். அண்ணன் காவலுக்குப் போய்விட்டு வந்து அசந்து தூங்கினால், கோலை எடுத்துத் துடைத்துத் தொங்கவிடுவது மதினிதான். அது தனக்குள்ள வேலை என்றே வைத்துக்கொண்டார். யாரும் அதை வித்தியாசமாக நினைத்ததில்லை.

ஆயுத பூஜைக்கு மட்டும் வேறு சட்டம். அன்று துப்பாக்கியும் கெசக்கோலும், அரிவாள் மண்வெட்டியோடு பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைக்கப்படும். ஆத்தா கோல் நெடுகச் சந்தனம் பூசிக் குங்குமம் வைப்பாள். கைப்பிடிப் பக்கம் மஞ்சள் துணி ஒன்றைக் காப்பாகக் கட்டுவாள். சாமிக்கு வைத்த சந்தனத்தைத் துடைக்கக் கூடாது, அது தானாக உதிர வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். மற்ற வருஷங்களில் வெயில் இருந்தது. சந்தனம் காய்ந்து மறுநாளே உதிர்ந்துவிட்டது. ஒரே கோலுக்கு இரண்டு சட்டம் இருக்கிறது என்பதே எங்கள் யாருக்கும் தெரியாமல் போயிற்று.

அந்த வருஷம் பூஜையோடு மழை பிடித்துக்கொண்டது. விடவே இல்லை. சுவரெல்லாம் ஓதம் ஏறி, உப்பு பிசுபிசுத்துக் கிடந்தது. கோலில் இருந்த சந்தனம் காயாமல் பூசணம் பூத்துவிட்டது. அதை முதலில் பார்த்தது மதினி. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"கொழுந்தனாரே, இதைப் பாருங்க. அடியில மரம் கறுத்துப் போச்சு. இதைத் துப்பாக்கிக்குள்ள விட்டா உங்க அண்ணன் என்னைத்தானே வைவாக?"

"தொடச்சிருங்க மதினி. பூசணத்துக்கு எதுக்கு மரியாதை?" என்றேன். மதினி முந்தானையால் துடைத்து, அடுப்படியில் தொங்கவிட்டார். துடைக்கும்போது "பிள்ளையாரப்பா" என்று சொல்லிக்கொண்டுதான் துடைத்தார். அதை நான் காதால் கேட்டேன்.

ஆத்தா உள்ளே வந்து பார்த்துவிட்டாள்.

"அடியே, சாமி சந்தனத்தை முந்தானையாலயா தொடச்ச?"

"பூசணம் பிடிச்சிருந்துச்சு அத்தை."

"பூசணமோ புளுதியோ, அது சாமிது. உனக்கு என்ன வந்துச்சு?"

நான் குறுக்கே பேசினேன். நான்தான் துடைக்கச் சொன்னேன் என்றேன். "நீ சும்மா இரு, உன் பொண்டாட்டிக்குப் பரிஞ்சு பேசு, போ" என்றாள் ஆத்தா. கோலைப் பிடுங்கி, அரைத்த சந்தனத்தை முன்னைவிடக் கனமாகப் பூசினாள். கைப்பிடிப் பக்கம் மருமகள் கை பட்டுவிட்டதாம். அதனால் காப்புத் துணியை நுனியில், அந்தப் பிளவில் கோத்து, முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டாள். மஞ்சள் தண்ணீரில் நனைத்த புதுத்துணி. தைப்பூசம் வரை யாரும் அவிழ்க்கக் கூடாது என்று சொல்லி, பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் சுவரில் சாய்த்து வைத்தாள். ஓதம் ஏறின மண்சுவர். கோல் அங்கேயே மழையைக் குடித்துக்கொண்டு நின்றது.

அண்ணன் வந்ததும் கதை அவர் காதுக்குப் போனது. அவர் மதினியை வையவில்லை. ஆத்தாவை எதிர்க்கவும் இல்லை. "விடு, சாமிதானே" என்றார். அவருக்கும் பக்தி உண்டு, என்னைவிடவே உண்டு.

சில நாள் கழித்து மழை விட்டு, சாயங்காலம் வானம் வெறித்தது. அண்ணன் கோலையும் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு நான் சோறு கொண்டு போனேன். அண்ணன் காவல் குடிசையில் உட்கார்ந்து போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். குழாயில் பூசி வைத்த எண்ணெயைத் துடைத்த பிறகே முதல் வெடி வைக்க வேண்டும் என்பது அவர் முறை.

"அண்ணே, துணி ஈரமா இருக்கே. முடிச்சும் பெருசா இருக்கு. அவுத்துட்டு வேற துணி போடலாமே."

"ஆத்தா கட்டுனதுடா. துணிக்குத் துணியாச்சு, சாமிக்குச் சாமியாச்சு. இதாலேயே தொடச்சாப் போச்சு" என்று சிரித்தார். முடிச்சை விரலால் நசுக்கிச் சின்னதாக்கி உள்ளே விட்டார்.

பாதிக் குழாய் வரை போயிற்று. அப்புறம் நின்றுவிட்டது.

"ஏலே, பிடிச்சுக்கிருச்சு."

இழுத்தார், வரவில்லை. தள்ளினார். கோலைத் தொடையில் ஊன்றி, உடம்பு பாரத்தைக் கொடுத்துத் தள்ளினார். கரும்பை ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம். வெளியே வந்த கோலுக்கு நுனி இல்லை. பிளவுக்குக் கீழே, தண்ணீர் குடித்து ஊறின இடத்தில், ஒடிந்திருந்தது. நுனியும் துணியும் உள்ளே இறுகிக்கொண்டன. மிச்சக் கோலை வாய்ப்பக்கமிருந்து விட்டுத் தள்ளிப் பார்த்தார். ஒடிந்த சிம்பு குறுக்கே விழுந்து இன்னும் இறுகியது.

குழாயை வானத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். வெளிச்சம் வரவில்லை.

"இப்பச் சுட்டா குழாய் வெடிச்சு என் மூஞ்சிதான் போகும்" என்றார். துப்பாக்கியைக் கீழே வைத்தார். பிறகு, "கீழத் தோட்டத்துல மெல்லுசா இரும்புக் கம்பி ஒண்ணு கிடக்கும். வாங்கிட்டு ஓடியா. கீறல் விழுந்தா விழுந்துட்டுப் போகுது" என்றார். எந்த இரும்பையும் அந்தக் குழாய்க்குள் விடாதவர் அவர்.

நான் ஓடினேன். கம்பியோடு திரும்பி வரும்போதே நாய் குரைத்தது, தகரம் தட்டுகிற சத்தம் கேட்டது. தகரச் சத்தம் எங்கள் குடிசைப் பக்கமிருந்து நகர்ந்து வாழைக்குள் போனது. பிறகு நின்றது.

பக்கத்துத் தோட்டத்துக் காவல்காரர்கள் பார்த்ததைச் சொன்னார்கள். ஒற்றை யானை வந்து குலை தள்ளின வாழையில் நின்றிருக்கிறது. அண்ணன் கூச்சல் போட்டிருக்கிறார், தகரம் தட்டியிருக்கிறார், அது அசையவில்லை. பந்தத்தைக் கொளுத்திக்கொண்டு கிட்டப் போயிருக்கிறார். ஒரு வெடி இருந்தால் அத்தனை கிட்டப் போயிருக்க மாட்டார். அதற்கு மேல் நான் பார்த்ததை எழுத மாட்டேன்.

துப்பாக்கியை உத்தமபாளையத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே போலீஸ்காரர் ஒருவர் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, எஃகுக் கம்பியால் தட்டி அடைப்பை எடுத்தார். உள்ளே இருந்து வந்தது ஒடிந்த நுனியும், அதில் இறுகின மஞ்சள் துணியும். துணியில் குங்குமம் அப்படியே இருந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்த எங்கள் சொந்தக்காரர் வீட்டு வாசலில் நின்று சொன்னார். ஆத்தா மார்பில் அடித்துக்கொண்டாள்.

"சாமி அடைச்சுக்கிருச்சே. அவ சந்தனத்தைத் தொடச்சா, சாமி குழாயை அடைச்சுக்கிருச்சே."

எனக்கு ஆத்தாவின் மேல் இன்று கோபம் இல்லை. அந்தத் துணியைக் கட்டின கை அவளுடையது. அதை அவள் ஒரு கணம் நினைத்துப் பார்த்திருந்தாலும் அன்றே செத்திருப்பாள். அவளுக்கு வேறு ஒருத்தி வேண்டியிருந்தது. பக்கத்திலேயே மதினி தாலி அறுத்து உட்கார்ந்திருந்தார்.

துக்கம் கேட்க வந்த ராவுத்தர், என்னிடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கூடியிருந்தவர்கள் கேட்கவே சொன்னார்: "கோல் நனைஞ்சிருக்கு, துணி பெருத்திருக்கு. அம்புட்டுத்தானே? அந்தப் பிள்ளைய ஏன் சொல்றீக?"

"ராவுத்தரய்யாவுக்கு நம்ம சாமி காரியம் தெரியாது" என்று ஒருவர் முடித்துவிட்டார்.

அதற்குப் பிறகு பேச்சு வளர்ந்தது. துடைத்தாள் என்றது முதலில். தீட்டோடு துடைத்தாள் என்றது அடுத்து. தரை துடைக்கிற துணியால் துடைத்தாள் என்று கிணற்றடியில் சொன்னார்கள். கோலை அடுப்பில் செருகினாள் என்று அனுமந்தன்பட்டிச் சந்தையில் யாரோ சொன்னதாக என் காதுக்கே வந்தது. கடைசியில், வந்தது யானையே இல்லை, பிள்ளையாரே இறங்கி வந்தார் என்று ஆக்கிவிட்டார்கள். நான் தினமும் பிள்ளையாருக்கு விளக்கேற்றுகிறவன். பூசணத்தைத் துடைத்ததற்காக ஒரு பெண்ணின் புருஷனை மிதித்துக் கொல்கிற சாமியை நான் கும்பிடவில்லை. இதை எங்கே போய்ச் சொல்வது?

போய்ச் சொன்னேன். கோயிலில் ஊர்க்கூட்டம் கூடியபோது எழுந்து நின்று, ஓதத்தையும் துணியையும் முடிச்சையும் வரிசையாகச் சொன்னேன். துடைக்கச் சொன்னது நான் என்றும் சொன்னேன். ஒரு பெரியவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "மதினிக்கு இம்புட்டு வக்காலத்து வாங்குறியே, உன் வீட்டுல சொல்லிட்டுத்தான் வந்தியா?" என்றார்.

சிரித்தார்கள். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த என் மனைவி எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்தச் சிரிப்போடு மதினியின் காரியம் தீர்ந்தது. அதுவரை சாமிக் குற்றம் மட்டும்தான் இருந்தது. நான் பேசினதால் இன்னொரு குற்றமும் சேர்ந்தது. மதினி தொட்ட தண்ணீரை ஆத்தா குடிக்கவில்லை. கோயிலில் திருநீற்றைக் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தார்கள். தேவதானப்பட்டியில் இருந்து மதினியின் அண்ணன் வந்து அழைத்துப் போனார். ஆனால் கதை மதினிக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. அந்த வீட்டிலும் கல்யாணத்துக்குப் பெண் இருந்தது, வருகிறவர்கள் விசாரித்தார்கள். மதினி ஒரு கங்காணியோடு தேயிலை மலைக்கு ஏறிவிட்டார்.

என் மனைவியிடம் சொல்லிவிட்டே ஒரு தடவை போய்ப் பார்த்தேன். கூலிக்காரர்கள் இருக்கும் லயத்து வீட்டு வாசலில் நின்றார். கொழுந்து கிள்ளிக் கிள்ளி விரலெல்லாம் கறுத்திருந்தது. உள்ளே வரச் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் கொழுந்தனாரே" என்றார். "நான் தொடைக்காம இருந்திருந்தா, அவுக இருந்திருப்பாகளோ?"

நான் நின்றபடியே எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். நீங்கள் துடைத்து அடுப்படியில் தொங்கவிட்ட கோல் நல்ல கோல், அப்படியே விட்டிருந்தால் ஒடிந்திருக்காது, மறுபடி பூசினதும் ஓதத்தில் வைத்ததும் நுனியில் கட்டினதும்தான் காரணம் என்றேன். அண்ணன் சொன்ன சட்டப்படி செய்தது அந்த வீட்டில் நீங்கள் ஒருவர்தான் என்றேன். மதினி கடைசி வரை கேட்டார்.

"நீங்க நல்லவுக. எனக்காகச் சொல்றீக" என்றார்.

அவர் நம்பவில்லை. ஊர் சொன்னதை அவரும் நம்பிவிட்டார். உண்மையைத் தெரிந்துகொண்டாவது அவர் நிம்மதியாக இருப்பார் என்று நினைத்துத்தான் மலை ஏறினேன். இறங்கும்போது என் கையில் ஒன்றும் இல்லை.

"கீழ போயி எனக்காகப் பேசாதீக. நீங்க பேசப் பேச எனக்குத்தான் கேடு. உங்க வீட்டுலயும் சங்கடம்" என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது. அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டு இருந்தேன்.

யுத்தத்தில் அரிசி கிடைக்காமல் இருந்த காலத்தில் மலையில் விஷக்காய்ச்சல் பரவியது. மதினி போன சேதி, புதைத்து வெகுநாள் கழித்து, கீழே சாமான் வாங்க வந்த ஒருவர் மூலமாக வந்தது. ஆத்தா அதற்கு முன்பே போய்விட்டாள், கடைசி வரை மருமகளைச் சபித்துக்கொண்டே. அந்த இரண்டு பேரில் ஒருவருக்காவது என்னால் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்ல முடிந்ததா என்றால், இல்லை. ராத்திரியும் பகலும் கும்பிட்டுப் பார்த்துவிட்டேன். சாமி கேட்கிறது என்றுதான் நம்புகிறேன். பதில் மட்டும் இன்னும் எனக்குத் தெரியவில்லை.

மதினி செத்த சேதி வந்த அன்று என் மனைவி, "இனிமேயாவது எழுதுங்க. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்" என்றாள். அவளே சொன்ன பிறகும் இத்தனை காலம் தள்ளிவிட்டேன்.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்ல வேண்டும். சொல்லும்போது இருக்கிறபடி சொல்ல வேண்டும், அதுதான் நான் கேட்கிற பிச்சை. ஆத்தாவைக் கெட்டவள் ஆக்க வேண்டாம். பிள்ளையைப் பறிகொடுத்தவள் அவள். அண்ணனை வேலை தெரியாதவர் என்றும் சொல்ல வேண்டாம். மதினி மேல் இரக்கப்பட்டு, அவருக்கு முன்கூட்டியே எல்லாம் தெரிந்திருந்தது, அழுதார், தடுத்தார் என்று நல்லதாகக்கூட ஒரு வார்த்தை சேர்க்க வேண்டாம். நல்லதாகச் சேர்க்கிறவர் ஒருவர் வந்தால், அதற்குப் பின்னாலேயே கெட்டதாகச் சேர்க்கிறவரும் வருவார். சேர்த்துச் சேர்த்துத்தான் அவரை ஊர் கொன்றது. கோலில் பூசணம் இருந்தது, மதினி துடைத்தார். இவ்வளவுதான் நடந்தது. இதை இவ்வளவாகவே வைத்துச் சொல்லுங்கள்.